ஆறு மாதிரி

ஏழு மணிக்குத்தான் இங்கே விடியும்.
ஏழு பத்துக்கு வாளியைக் கயிற்றில் இறக்குகிறேன்,
வாம்போ கால்வாயில்.
சிமென்ட்டில் அது இடறும் ஓசைக்கு
எதிர் புளோக்கின் நான்காம் மாடியில் ஒரு சன்னல் திறக்கும்.
பனியனோடு மிஸ்டர் கோ.
கையசைப்பார். சில நாள் இருமல் மட்டும்.

போத்தலின் கழுத்தில் சீட்டு:
தேதி, நேரம், இடம், எடுத்தவர் பூங்கோதை.
எடுத்தது என்ன என்ற கட்டத்தில்
ஆங்கிலத்தில் எதையோ நிரப்பிவிட்டு
மனசுக்குள் தமிழில் எழுதிக்கொள்வேன்:
ஆறு மாதிரி.

ஆறு இல்லை.
ஆறு மாதிரி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள்.
நாம் ஆற்றையே அளந்து போட்டோம்.
அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, சுவரின் சரிவு இவ்வளவு;
வளைவெல்லாம் வீண் என்று கழித்தோம்.
குறை சொல்ல வரவில்லை.
முழங்கால் வெள்ளத்தில் அரிசி மூட்டையை
மேசைமேல் ஏற்றிய கடைக்காரியாக இருந்திருந்தால்
இந்தச் சுவரை நானும் கும்பிட்டிருப்பேன்.
ஆனால் அவசரமாய் வந்த மழையை
அதைவிட அவசரமாய் அனுப்பிவைக்கிறோம்,
தார் ரோட்டுக் கழுவலோடு, சிகரெட் துண்டோடு.
அது போய்ச் சேரும் நீர்த்தேக்கத்தைத்தான்
நாளை குடிக்கப்போகிறோம் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

கருவி காட்டும் எண் இன்றும் இறக்கம்.
நீருக்கு மூச்சு போதவில்லை.

மார்க்கெட்டில் சதக்கத்துல்லா
தே தாரிக் ஆற்றுவதைப் பாருங்கள்.
கை உயரத்திலிருந்து விழ விழ
காற்றை வாரிக்கொண்டு நுரைக்கிறது.
ஆற வேண்டுமென்றால் விழ வேண்டும், புரள வேண்டும்.
ஆறாக வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம்:
கல்லில் முட்டி, வேரில் சிக்கி,
நாணலுக்குள் நுழைந்து அழுக்கை விட்டுவிட்டு
தாமதமாக வர வேண்டும்.
ஒரு குவளைத் தேநீருக்குத் தரும் பொறுமை
ஓர் ஆற்றுக்குக் கிடையாதா?

மழை விட்ட உடனே பீஷான் பூங்காவுக்குப் போய் நில்லுங்கள்.
அங்கே சுவரை எடுத்தாயிற்று.
புல்வெளியில் ஆறு கால் நீட்டிப் படுத்திருக்கும்,
யாரையும் கேட்காமல்.
மேட்டில் ஏறி நின்று காத்திருப்பார்கள்.
பிறகு அதுவாக எழுந்து தன் இடத்துக்குப் போகும்.
இடம் இருந்தால் வெள்ளமும் விருந்தாளிதான்.

போன மாதம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று இந்தப் பக்கம் வந்தது.
பெரியவை எப்படியோ ஏறிவிட்டன.
குட்டி ஒன்று மட்டும் சுவரில் தாவும், வழுக்கும்,
தாவும், வழுக்கும்.
அதன் கத்தல் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.
மிஸ்டர் கோ இறங்கி வந்தார்,
கக்கத்தில் இஸ்திரிப் பலகை.
கம்பிவேலிக்கு மேலாகச் சாய்த்து இறக்கினார்.
குட்டி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.
நூறு மீட்டர் ஓடிப் படிக்கட்டைத் தானே கண்டுபிடித்தது.
அவர் மனைவி மூன்று நாள் பேசவில்லையாம்.

எப்போது உடைப்பீர்கள் என்று என்னைக் கேட்டார்.
நான் தண்ணீர் அள்ளுகிறவள், அங்கிள்.
அப்படியென்றால் எழுதிப் போடு.

எழுதுகிறேன்.
கொசு வருமே என்பவர்களுக்கு:
நாணல் நின்றால் தட்டான் வரும், அது கொசுவைத் தின்னும்.
கொசு பிறப்பது உங்கள் பூச்சட்டித் தட்டில்.
செலவு என்பவர்களுக்கு:
மூச்சில்லாத நீரைக் கழுவிக் குடிக்கும் செலவையும்
சேர்த்துக் கூட்டிவிட்டு வாருங்கள்.
எல்லாச் சுவரையும் கேட்கவில்லை.
ஒரு காலத்தில் வளைவு இருந்த இந்த இடத்தில்,
ஒரு பக்கம், நூறு மீட்டர்.
ஒரு குட்டி ஏறுகிற சரிவு.

பலகை இன்னும் அங்கேதான்,
ஏணிக் கம்பியில் சிக்கி, இரண்டு பெருமழைக்குப் பிறகும்.
அதன் துணியில் பாசி.
நுனியில் இன்று ஒரு மடையான்,
கழுத்தை உள்ளிழுத்து, அசையாமல்,
கரை என்றே நம்பி.

சீட்டின் கடைசிக் கட்டம், குறிப்பு.
வழக்கமாய்க் காலியாக விடுவேன்.

இஸ்திரிப் பலகை, ஒன்று.
அகற்ற வேண்டாம்.